மூன்றாவது முறை கூப்பிட்டபோது

அருமை மருமகளுக்கு, சட்டைப் பொத்தான் தெறிக்கும் அளவுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது.

நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, பஸ் நிலையத்தில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றபோது, நான் ஒருவன்தான் கலங்காமல், "போயிட்டு வா. உன்னைத் துரத்துற சட்டத்தை நான் துரத்துறேன்" என்றேன். அழுகைக்கு நடுவில் நீகூடச் சிரித்தாய். இப்போது சிரி பார்க்கலாம்! பழைய தண்டனைச் சட்டம் செத்துப்போய்விட்டது. புதுச் சட்டம் வந்துவிட்டது. உன் மேல் இருந்த வழக்கும் வாரண்டும் ஒழிந்தன. நீ தலை நிமிர்ந்து ஊருக்குள் வரலாம்.

உத்தரவின் நகல் இத்துடன் இருக்கிறது. என் பேச்சில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் கோர்ட் முத்திரை குத்திய தாளையே வைத்திருக்கிறேன். அதில் நான் ஒரு புள்ளிகூடச் சேர்க்கவில்லை. விமான நிலையத்தில் யாராவது முறைத்தால் முகத்துக்கு நேரே நீட்டு.

உன் போர்டை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி ரோட்டில் ஆம்புலன்சே இறங்கி மாட்டிக்கொண்ட அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில், உன் கையால் அழகாக எழுதி நட்டு வைத்தாயே: "பொறியாளர் ஐயா அவர்களின் பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்ட பள்ளம். பொதுமக்கள் விழுந்து பயன்பெறுக." அதைப் படிக்க வந்த பொறியாளரே கால் தவறி உள்ளே விழுந்து, முதல் பயனாளி ஆனார் என்று நான் சொல்லி வருகிறேன். அவர் விழவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் பொறாமைக்காரர்கள்.

இதற்கு அஞ்சு வருஷ ஜெயில்! ஜாமீனும் கிடையாது! "அதிகாரியைக் கேலிப் பொருள் ஆக்குதல்" என்று ஒரு பிரிவு. நம் தாத்தாவின் தாத்தா பிறக்கும் முன்னால் யாரோ எழுதியது. எழுதியவனுக்குச் சிரிப்பே வராத வியாதி ஏதாவது இருந்திருக்க வேண்டும்.

இந்தச் சட்டம் மாறியதில் என் பங்கு என்ன என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தைத் திருத்த ஒரு குழு போட்டார்களே, அதில் ஒரு பெரிய மனிதர் நம் கோர்ட்டைப் பார்வையிட வந்தார். வந்தவர் நேராக யாரிடம் வந்தார்? என்னிடம். முதலில் குடிதண்ணீர் எங்கே என்றுதான் கேட்டார், அது வேறு விஷயம். தண்ணீர்ப் பானை வரைக்கும் கூடவே போய், "ஐயா, சிரிச்சா ஜெயில்ங்கிற பிரிவை முதல்ல தூக்குங்க. கோர்ட்டுல எங்களுக்கே அடக்க முடியல" என்றேன். அவர் வாய் நிறையத் தண்ணீரோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் இன்றைக்குப் புதுச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லாமல் போனதற்குக் காரணம். நான் எட்டாவது வரை படித்தவன்தான். ஆனால் எட்டாவதை மூன்று தடவை படித்ததால் கணக்குப்படி பத்தாவது.

புதுச் சட்டம் அமலுக்கு வந்த அன்று கோர்ட்டை நீ பார்த்திருக்க வேண்டும். பரீட்சை அன்று காலையில் புத்தகம் வாங்கிய பையன்கள் மாதிரி வக்கீல்கள் வராந்தா முழுக்கப் பக்கம் புரட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாப் பிரிவுக்கும் நம்பர் மாறிவிட்டது. இன்ஸ்பெக்டர் பழைய நம்பரைச் சொன்னார். பெஞ்ச் கிளார்க் புது நம்பரை எழுதினார். அரசு வக்கீல் இரண்டும் இல்லாத மூன்றாவது ஒன்றைச் சொன்னார்.

நம் கோர்ட்டின் நிரந்தர விருந்தாளி, பிக்பாக்கெட் "நூத்திப்பத்து" இருக்கிறாரே, அவருக்கு அந்தப் பெயர் வந்ததே திருட்டுப் பிரிவின் நம்பரால்தான். நான் வழக்கம்போல "நூத்திப்பத்து, உள்ள வாய்யா" என்று கூப்பிட்டால் மனிதர் அசையவில்லை. என்னவென்று கேட்டேன். "அந்த நம்பர் இப்ப எடையில ஏமாத்துறவனுக்குப் போயிடுச்சாம் அண்ணே. மளிகைக்காரன் நம்பரை நான் சுமக்கணுமா? எனக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?" என்று கண் கலங்கினார். சமாதானம் சொல்லி உள்ளே அனுப்புவதற்குள், நான் வைத்திருந்த பன்னைக் காணவில்லை.

இனி உன் வழக்குக்கு வருகிறேன். நான் அந்தக் கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி. வழக்கு எடுக்கும்போது வாசலில் வந்து நின்று, எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறையும் பதில் இல்லையென்றால் "ஆஜர் இல்லை" என்று எழுதி, வாரண்டைத் தொடரச் சொல்லி, அடுத்த வாய்தா போடுவார்கள். நீ போனதிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் உன் பெயரை நான்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். சொந்தக்காரப் பெண் ஆயிற்றே, வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லட்டுமா என்று பெஞ்ச் கிளார்க் ஒருமுறை தயவாகக் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். மற்றவன் கூப்பிட்டால் அது பிடிக்கக் கூப்பிடுவதாக இருக்கும். நான் கூப்பிட்டால் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

அதே நாளில் உன் வழக்கையும் எடுத்தார்கள். வாசலுக்கு வந்தேன். என் டவாலிக் குறுக்குப் பட்டையை முந்தின நாளே தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன். முதல் முறை கூப்பிட்டேன். வராந்தாவில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோயிற்று. இரண்டாவது முறை கூப்பிட்டேன். எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையில் ஊற்றிக்கொண்டார். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, மருமகளே, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள் உன் அம்மா! ஆமாம், என் அக்காதான்! காலையில் அவள் கோர்ட் படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிய வேகத்தைப் பார்த்து வக்கீல்களே ஒதுங்கி நின்றார்கள். எழுந்து நின்று ஒரே சத்தம்: "இருக்கா! எம் பொண்ணு இருக்கா! எங்கயும் ஓடிப்போகல!"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றி மறுபடியும் மாட்டிக்கொண்டார். அமைதி என்று கத்த வேண்டியது என் வேலை. அன்றைக்கு எனக்கு அது மறந்துபோயிற்று.

அரசு வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து, "பிரிவு இப்ப இல்லைன்னாலும், போர்டு எழுதினப்ப இருந்துச்சே. வழக்கு நடந்துதான் ஆகணும்" என்றார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்துவிட்டேன். இத்தனை காலம் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்தில் போய்விடுமோ என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். உன் வக்கீல் பதிலுக்கு என்னென்னவோ சொன்னார். மாஜிஸ்திரேட் அம்மா புதுச் சட்டப் புத்தகத்தைக் கடைசியிலிருந்து புரட்டினார். மற்றவர்கள் எல்லாம் நம்பரைத் தேடி முன்பக்கங்களையே பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பிரிவை அவர் உரக்கப் படித்தார்: இந்தச் சட்டத்தில் குற்றம் என்று சொல்லப்படாத செயலுக்காக, பழைய சட்டத்தின் கீழ் நிலுவையில் இருக்கும் வழக்குகள் அனைத்தும் கைவிடப்படும். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே சம்மதம் கொடுத்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடியவில்லை. சான்றுப் பொருளை உரியவரிடம் ஒப்படைக்கவும் என்று ஒரு வரி சேர்த்தார். சான்றுப் பொருள் எது? உன் போர்டு! கோர்ட் கிடங்கில் உடைந்த சைக்கிள்களுக்கும் சாராயப் பானைகளுக்கும் நடுவே இத்தனை காலமும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. துடைத்துப் பார்த்தால் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துகூட உரியவில்லை. அதைத் துணி போட்டு மறைத்து எடுத்து வருவேனா? தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய கடைவீதி வழியாக நடந்தேன். நூத்திப்பத்துக்கும் அன்று ஜாமீன் கிடைத்திருந்தது. அவர் முன்னால் நடந்து, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கினார். கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பர்ஸ் மிஞ்சியது என்று நான் விசாரிக்கவில்லை. கடைக்காரர்கள் வெளியே வந்து போர்டைப் படித்துவிட்டுக் கைதட்டினார்கள். பொறியாளர் அலுவலக வாசலில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை, சும்மாதான்.

பள்ளம் மட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. சட்டத்தை மாற்றிவிட்டார்கள், அதை மூட ஒரு லாரி மண் கிடைக்கவில்லை. நீ வந்து புதிதாக ஒன்று எழுத வேண்டும். இந்த முறை இரண்டு பக்கமும் எழுது. போகிறவர்களும் படிக்கட்டும், வருகிறவர்களும் படிக்கட்டும்.

வீட்டு விசேஷம்: அக்கா நலம். கட்டிலை மாடியிலிருந்து முன்னறைக்கு, ஜன்னலோரமாக மாற்றியிருக்கிறோம். காற்று நன்றாக வருகிறது. தெருவில் போகிற யாரையும் விடுவதில்லை, எல்லோரையும் நிறுத்தி ஊர்க்கதை கேட்கிறாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தன் மெஷினையே தூக்கி வந்து நம் வீட்டு முன்னறையில் போட்டுக்கொண்டாள். பேச்சுத் துணைக்குத்தான். சமையலும் அவளே செய்கிறாள், உப்பு கொஞ்சம் தூக்கல். அக்கா அதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்கிறாள். போர்டை அக்கா கண்ணில் படும்படி சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். காலையில் கண் விழித்ததும் அதைத்தான் படிக்கிறாள். படித்துவிட்டு, "கையெழுத்தைப் பாருடா, எம் பொண்ணு கையெழுத்தை" என்கிறாள். நான் பார்த்துத்தான் ஆக வேண்டும். தினமும்.

அங்கே நீ படிக்கத் தெரியாத மொழியில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறாயாம். எழுத்து தலைகீழாக இருந்தால்கூடத் தெரியாது என்று எழுதியிருந்தாய். அக்காவுக்கு அதைப் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். வேலையை அவசரப்பட்டு விட வேண்டாம், சௌகரியப்பட்டபோது வரட்டும் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

நீ போன இடத்தில் பெயர் எடுத்து, வருகிற இடத்தில் வரவேற்பும் பெற்று, நீண்ட காலம் கை நடுங்காமல் எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் மாமன்,
புதுச் சட்டத்தின் கீழ் முதல் பெயரைக் கூப்பிட்ட டவாலி.

பின் குறிப்பு: மேலே உள்ளதை எல்லாம் அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி, அவளுக்குப் படித்தும் காட்டினேன். நன்றாக இருக்கிறது, ஒட்டி அனுப்பு என்றாள். இதை அஞ்சல் அலுவலகத்தில் நின்றுகொண்டு, கயிற்றில் கட்டிய பேனாவால் எழுதுகிறேன். மை வேறாக இருப்பது அதனால்தான்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆயிற்று. உன்னிடம் சொல்லக் கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சா நின்ன இடத்துலேர்ந்து ஓடி வந்துடுவாடா. இறங்கின இடத்துலயே பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க" என்றாள். அவள் சொன்னது நியாயம். வாரண்ட் உயிரோடு இருந்த வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாயை மூடி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியும். இப்போது வாரண்ட் செத்துவிட்டது, சத்தியமும் அதோடு சேர்த்தி.

எழுந்து நடக்கப் பழகலாம் என்றுதான் டாக்டர் சொல்கிறார். யாரைப் பார்க்க நடக்கணும் என்று இவள் அவரையே திருப்பிக் கேட்கிறாள். அவசரமில்லை என்று எழுதச் சொன்னது அவள். நான் அப்படிச் சொல்லவில்லை.

அன்று கோர்ட்டில் மூன்றாவது முறை கூப்பிட்டபோதும் யாரும் பதில் சொல்லவில்லை. எப்போதும்போல வராந்தா சும்மா இருந்தது. வீட்டுக்கு வந்து போர்டைச் சாய்த்து வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்படிடா கூப்பிட்ட? இங்க ஒரு தடவை கூப்பிடு, கேக்கறேன்" என்றாள். வாசலில் போய் நின்று, பட்டையைச் சரி செய்துகொண்டு, கோர்ட்டில் கூப்பிடுவது போலவே முழுக் குரலில் கூப்பிட்டேன். மூன்றாவது முறைக்குக் கட்டிலிலிருந்து வந்தது பதில். தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டாள், தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். நான் மேலே எழுதியது அவள் சொன்ன அதே வார்த்தைகள்தான், ஒன்றும் கூட்டவில்லை. அவள் எழுந்து நின்றாள், கோர்ட்டுக்கு வந்தாள் என்பது மட்டும் நான் சேர்த்தது.