கோல் அடிப்பது அடுத்த வருஷப் பாடம்

ஓசூர்
20-5-1956

அன்புள்ள மகள் கிருபாராணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், என் வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நாகபுரி வெயிலில் நர்ஸ் வேலையும் பார்த்துக்கொண்டு நீ சுகமாய் இருக்க வேண்டும் என்று உன் அம்மா தினமும் ஜெபமாலை சொல்கிறாள், அதில் பாதி எனக்குப் புத்தி வரவேண்டும் என்று.

புத்தி விஷயம் என்னவென்றால், கோயில் திருவிழாப் பந்தாட்டத்தில் நம்ம பையன்கள் ஏழு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். மாட்டுப் பண்ணை வேலை முடிந்து வந்து ஒரு வருஷமாய் அந்த வாண்டுகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான், பந்தை நிறுத்து, தலையைத் தூக்கிப் பார், பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு, இடது காலையும் ஒரு கால் என்று நினை. கோல் அடிப்பதை அடுத்த வருஷத்துக்கு வைத்திருந்தேன், அதை முதலில் காட்டினால் வேறெதையும் கற்க மாட்டான்கள் என்று. எதிரே வந்த வெளியூர் டீமுக்குப் பதினாலு வயசுக்குள் என்று பேர், இடைவேளையில் ஒருத்தனுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது அவன் பெண்டாட்டி. அவர்களையும் ஏமாற்றிவிட்டு நம்ம வெங்கடப்பன் மகன் சின்னராஜ் கோலுக்கு முன்னால் போய்விட்டான். கீப்பர் விழுந்து கிடக்கிறான். இவன் பந்தை அழகாய் நிறுத்தி, தலையைத் தூக்கி, கூட்டத்தில் என்னைத் தேடி, மாமா இதை இன்னும் சொல்லித்தரலையே என்கிறான். மைதானமே சிரித்தது. வெங்கடப்பன் எழுந்து, ஏனு சிங்கராயரே, கோல் எல்லி, கோல் எங்கே என்று கன்னடமும் தமிழுமாய்க் கேட்க, நான் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பேச முடியாதவன் மாதிரி நின்றேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் கமிட்டித் தலைவர் ஜான்பீட்டர், அண்ணே நீங்க நல்லாத்தான் சொல்லித்தர்றீங்க, ஆனா இவனுங்க ஜெயிக்கறதுக்குள்ள நாங்க கல்லறைக்குப் போயிடுவோம் என்று சொல்லி, தோல் பந்தையும் மைதானத்தையும் வாங்கிக்கொண்டார். இப்போது அவரே பையன்களை வரிசையில் நிறுத்தித் தூர உதைக்கப் பழக்குகிறார். பந்து பாதி நேரம் பூவம்மாளின் மல்லித் தோட்டத்தில் கிடக்கிறது, திட்டு மட்டும் பழைய பழக்கத்தில் என் பேருக்கே வருகிறது. விட்டது தொல்லை என்று நானும் கட்டிலில் சாய்ந்துவிட்டேன். என் சலிப்பைப் பார்த்து உன் அம்மா திட்டக்கூட இல்லை, அதுதான் பயமாய் இருந்தது.

நேற்று வெங்கடப்பன் சின்னராஜின் கையைப் பிடித்து இழுத்து வந்தார். வீட்டு உருளைக்கிழங்கை எல்லாம் இடது காலால உருட்டறான், இவங்கம்மா சமைக்க முடியலை, நீங்களே வெச்சுக்குங்க என்று விட்டுப்போனார். பின்னாலேயே இன்னும் மூன்று பையன்கள். மைதானம்தான் போச்சே, நம்ம தொழுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மாமா, கோல் அடிக்கறது எப்போ என்றான் சின்னராஜ். அடுத்த வருஷம்டா என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான், இடது காலை.

அதனால் நீ புதுப் பந்து எதுவும் வாங்கி அனுப்பாதே, அனுப்பினால் அதுவும் கமிட்டிக்குப் போய்விடும். நீங்கள் நர்ஸுகள் போட்டுக் கிழித்த காலுறைகளைத் துவைத்து அனுப்பு. துணி அடைத்துக் கட்டினால் சின்னப் பந்தாகும், சின்னப் பந்தில் பழகின காலுக்குப் பெரிய பந்து சொன்ன பேச்சு கேட்கும். இவன்கள் தேறி வர இன்னும் ஆறேழு வருஷமாவது ஆகும், அதுவரை முழங்கால் தாங்க நல்ல தைலம் ஒரு புட்டியும் சேர்த்து வை. வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலைக்குத் துணியில்லாமல் போகாதே. மாதா உனக்குத் துணையிருக்கட்டும், அம்மாவும் நானும் இங்கிருந்தே உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். காலுறை ஞாபகம், ஜோடி சேராவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
கமிட்டி ஓய்வு கொடுத்தும் ஓயாத உன் அப்பா,
சிங்கராயர்