மூஞ்சிய காட்டிப் பேசுங்க

மேடம்,

இன்று அமாவாசை. தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. இந்த அமைதி வந்தாலே, பெட்டியும் கையுமாக நீங்கள் வேலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவீர்கள் என்று கால் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது. போய் நின்றுவிட்டு உள்ளே வந்தேன். வேறென்ன செய்ய?

முதலில் நீங்கள் வந்தது ஒரு வேலை நாளில். நெசவாளர் சங்கத்துப் பின்னறையில் காது சோதிக்க உட்கார்ந்தீர்கள். சுற்றிலும் தறிச் சத்தம். "இதுல எனக்கே எதுவும் கேக்கலியே!" என்று சிரித்தீர்கள். அமாவாசைக்குத் தறி நிற்கும் என்று யாரோ சொல்ல, அதன்பின் அமாவாசைதோறும் வந்தீர்கள். "வேலூருக்கு வந்தா உங்களுக்குக் கூலி போவுது. நான் வந்தா பஸ் சார்ஜ்தானே!" எழுந்தால் தலை சுற்றுகிறதென்று சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரம்மாவை, அதுவும் காதுக் கோளாறுதான் என்று படுக்கவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, நடக்கவிட்டீர்கள். உங்கள் வேலைக்கு ஆடியாலஜிஸ்ட் என்று பெயராம். எங்கள் வாயில் அது நுழையவில்லை. காது மேடம் ஆகிவிட்டீர்கள்.

மூன்று வயதாகியும் என் மகளுக்குப் பேச்சு வரவில்லை. காது கேட்கவில்லை என்று நீங்கள் சொன்னதும் சண்டைக்கு நின்றேன். "எங்க வூட்ல எல்லாருமே லேட்டாதான் பேசுவாங்க. பேஜார் பண்ணாதீங்க!" நீங்கள் கோபிக்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு என் வீட்டுக்கே வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தரையில் போட்டீர்கள். "என்னா வுழுந்தது?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது. என் மகள் பொம்மையை விட்டுத் தலை தூக்கவில்லை.

அலைந்து திரிந்து நீங்களே காது மிஷின் வாங்கிக் கொடுத்தீர்கள். மார்பில் தொங்கும் அந்தச் சின்னப் பெட்டிக்கு மிச்சப் பட்டில் பை தைத்தேன். அதோடு வேலை முடிந்ததென்று நினைத்தேன். ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல்தான் அவளோடு பேசுவேன். ஒரு நாள் ராட்டையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"குனிஞ்சிகினே பேசினா அவளுக்கு என்னா தெரியும்? மிஷின்ல பாதிதாம்மா கேக்கும். மீதிய உங்க வாயிலதான் பாக்கணும். மூஞ்சிய காட்டிப் பேசுங்க."

அப்படிப் பேசிப் பேசித்தான், ஒரு அமாவாசையன்று உங்கள் எதிரிலேயே, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் "ம்மா" என்றாள். முதலில் அழுதது நீங்கள்தான்.

போன மாதம் போனில் உங்கள் செய்தி வந்தது. மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். இப்போது காலேஜ் போகிறாள். அவள் பார்க்கக் கூடாதென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். விடுவாளா? சுற்றி வந்து என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ம்மா, மூஞ்சிய காட்டு. என்னா சொன்னாங்க?"

காட்டினேன். அவளுக்குப் புரிய வேண்டுமே, ஒவ்வொரு சொல்லாக வாய் திறந்து சொன்னேன். "காது மேடம் செத்துட்டாங்கடி."

நீங்கள் பழக்கிவிட்டுப் போனது இது மேடம். இந்த வீட்டில் இனி யாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ முடியாது.