உருகிய மோட்டார் சைக்கிள்

அன்பு மகள் நிங்ருமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹாங்காங்கில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாளும் சுகமாக இருக்க இறைவன் அருளட்டும். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவாய். காகிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். தோட்டத்தை எழுதிக்கொடுக்கச் சொல்லி நீ அனுப்பிய பத்திரம் இதே உறையில் திரும்பி வருகிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். ஊஞ்சலும் கண்ணாடி மேடையும் கட்டி, படம் பிடிக்க ஆள் கூட்டுவதற்கு அந்தச் சுற்றுலாக் கம்பெனிக்கு என் காப்பித் தோட்டம்தானா கிடைத்தது?

"அந்த மனுஷனோட பிடிவாதம் உனக்கும் ஒட்டிக்கிச்சும்மா" என்று போன வாரம் உன் அப்பாவைக் குத்திச் சொன்னாய். அதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

செமாராங்கிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் ஒருநாள் சுற்றுலா வந்தார்கள். பத்து ஜீப். முதல் ஜீப்பை ஓட்டியது பர்யன்டோ. வண்டி ஓட்டுவதோடு கதை சொல்வதும் அவன்தான். எல்லாக் கூட்டத்தையும்போல இவர்களையும் முதலில் நம் பழைய ஊருக்குக் கூட்டிப்போய், சாம்பல் மூடிய வீட்டில் வைத்திருக்கும் மாட்டு எலும்பு, நின்றுபோன கடிகாரம், உன் அப்பாவின் உருகிய மோட்டார் சைக்கிள் எல்லாம் காட்டியிருக்கிறான். பிறகு மெராப்பி எரிமலையின் உச்சி தெரியும் மேடு. கடைசியாக நம் தோட்டம்.

சிவந்த பழத்தை மட்டும் பறிக்கச் சொன்னால் பாதிக் கூடை பச்சைக் காய். "பச்சையும் அழகா இருக்கேம்மா" என்றாள் ஒருத்தி. "அழகா இருந்தா காதுல மாட்டிக்கோ, கூடையில போடாதே" என்றேன். மலை லேசாகப் புகைந்தது. அலறிக்கொண்டே எல்லோரும் போனைத் தூக்கினார்கள். "ஒண்ணுமில்ல, தாத்தா தொண்டையைக் கனைக்கிறார்" என்று சொன்னதும் சிரிப்பு.

காப்பியும் மரவள்ளிக் கிழங்கும் கொடுத்தபோது, கண்ணாடி போட்ட ஒரு பெண் என்னிடம் வந்தாள். "அம்மா, அந்த வண்டி உங்க வீட்டுக்காரரோடதாமே? சொன்ன பேச்சு கேக்காம மாட்டுக்காகப் போய்ச் செத்துட்டாராமே?" என்றாள். அவள் வேண்டுமென்றே கேட்கவில்லை. அவளுடைய ஆசிரியர்தான் பதறிப்போய் அவளை அடக்கினார்.

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லோரும் பர்யன்டோவைப் பார்த்தார்கள். அவன் இளித்தான். "கதைன்னா ஒரு பாடம் வேணும்ல பெரியம்மா? பிடிவாதம் பிடிச்சா இதான் கதின்னு சொன்னாத்தானே பிள்ளைங்க மனசுல நிக்கும்" என்றான்.

இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காததால்தான் அவன் வாய் இவ்வளவு நீண்டது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

மலை குமுறத் தொடங்கி, ஊரைக் காலி செய்து முகாமில் இருந்த நாட்களில் ஊரே தினமும் மேலே போய்ப் புல் அறுத்து, பால் கறந்து, இறங்கி வந்தது. மாட்டைப் பட்டினி போட்டுவிட்டு எவனும் முகாம் சோறு தின்னவில்லை. மலை வெடித்த அன்று காலையிலும் உன் அப்பா போய்வந்தார். சாயங்காலம் போக வேண்டாம், மலையின் சத்தம் சரியில்லை என்றார். நான்தான் கேட்கவில்லை. "மடி கட்டிக்கும். நீங்க போகலேன்னா நான் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் என் கையிலிருந்த பால் கேனை வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

பர்யன்டோவிடம் சொன்னேன்: "அந்த வண்டிகிட்ட நின்னு கதை சொல்லணும்னா இதைச் சொல்லு. இல்லேன்னா உன் ஜீப்பை இந்தப் பக்கம் திருப்பாதே." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அந்தப் பெண் அழுதாள். கிழங்கு ஆறுகிறது, சாப்பிடு என்றேன். மேலே வந்து வேலை செய்யப் பயமாக இல்லையா என்று ஆசிரியர் கேட்டார். "பயம் இருக்கு சார். அதான் பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடறேன்" என்றேன்.

அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. நம்மைவிட அவருக்கு மாடு பெரிதாகப் போய்விட்டது என்று தரையில் புரண்டு அழுதாய். அன்றே சொல்லியிருக்க வேண்டும். உனக்கு மிச்சமிருந்தது நான் ஒருத்தி. என்னையும் வெறுத்துவிடுவாயோ என்று பயந்தேன். யாரோ பெற்ற பிள்ளைகளிடம் சொல்ல முடிந்ததை உன்னிடம் சொல்ல முடியாமல் போனது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் மாட்டுக்காகப் போகவில்லை மகளே. என்னைப் போகவிடக் கூடாதென்று போனார்.

பிடிவாதம் என்னுடையது. அன்றும் என்னுடையது, இன்றும் என்னுடையது. அன்று அதனால் அவரை இழந்தேன். அதற்காக நாளை இறைவன் முன் நின்று பதில் சொல்வேன், உன் முன்னாலும் சொல்வேன். ஆனால் சாம்பலில் குழி வெட்டி நான் நட்ட முந்நூறு செடியை எவனுக்கும் கொடுக்க மாட்டேன். மூன்று வருஷம் ஒரு பழம்கூட இல்லாமல் நின்றபோதும் விடாதவள், உன் பத்திரத்துக்கா விடப்போகிறேன்?

என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் உன் அப்பாவுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிவிடு. இத்தனை வருஷத்தில் நீ ஒருமுறைகூட ஓதவில்லை என்று எனக்குத் தெரியும்.

உன் அம்மா,
ருபினெம்