மழுங்கிய சிலுவை

அன்புள்ள குமா, என் மகளின் ஞானத்தாய் யுஸ்தீனாவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் லிவிவ் நகரத்தில், நீ வேலை பார்க்கும் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முத்தம் கொடுத்துவிட்டேன்.

உன்னிடமிருந்து பதிலே இல்லை என்று உன்னைத் தேடித்தான் போனேன். நீ இல்லை. பெட்டிக்குள் நம் ஊர்க் கோயிலின் நற்செய்திப் புத்தகம் இருந்தது. அதே பழுப்புத் தோல், நடுவில் சிலுவை, ஓரமெல்லாம் அந்தப் பூங்கொடி வேலை. ஞாயிறுதோறும் அந்தச் சிலுவையின் பாதத்தை முத்தமிடும் பழக்கம், குனிந்துவிட்டேன். காவல்காரி ஓடிவந்து, "ஏம்மா, இது என்ன உங்க ஊர்க் கோயிலா?" என்றாள். "ஆமாம்மா, எங்க ஊர்க் கோயில்தான்" என்றேன். அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பக்கத்திலிருந்த குறிப்பைக் காட்டினாள்.

எழுத்துக்கூட்டிப் படித்தேன். லிவிவ் பழைய அச்சுக்கூடத்துத் தோல் அட்டையாம். கைவிடப்பட்ட கோயிலொன்றில் கண்டெடுத்தவர் யுஸ்தீனாவாம்.

நம் கோயிலை யார் கைவிட்டது, குமா? நீ எங்கள் வீட்டில் தங்கி, அட்டைமேல் மெல்லிய தாளை விரித்து, கரிக்குச்சியால் தேய்த்துத் தேய்த்து அந்தப் பூவேலையைப் படியெடுத்தாய். மூக்கெல்லாம் கரி. "அடுப்பு ஊதப் போனியா, புத்தகம் படிக்கப் போனியா?" என்று நான் கேலி செய்தேன். சிலுவையின் பாதம் மழுங்கியிருந்ததைத் தடவி, "இது பூச்சி அரிச்சதில்ல, முந்நூறு வருஷ முத்தம்" என்று சொன்னதும் நீதான். சொல்லிவிட்டு அழுதாய். உனக்குத் துணையாக நானும் அழுதேன். அப்போது தெரிந்தது குறிப்பு எழுதும்போது மறந்துபோயிற்றா?

ஈஸ்டருக்குள் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லி எடுத்துப்போனாய். பாதிரியார் தயங்கினார். கோயிலை அரசாங்கம் பூட்டிவைத்த காலத்தில் என் மாமியார் கோதுமைப் பீப்பாய்க்குள் ஒளித்துக் காப்பாற்றிய புத்தகம் அல்லவா. "என் பொண்ணை ஞானஸ்நானத்துல கையில ஏந்தினவ சாமி. என் குமாவை நம்பலேன்னா என்னையும் நம்பாதீங்க" என்றேன். ஊர் இப்போது அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கிணற்றடியில் பக்கத்து வீட்டு ஹாப்கா, "புத்தகத்த வித்துட்டு என்னடி வாங்கின, புதுப் பசுவா?" என்கிறாள். பாதிக் குடத்தோடு வீடு திரும்பிவிட்டேன். வாயாடி நான், குமா.

நீ வியன்னாவில் அந்த அட்டையைப் பற்றிப் பேசப் போயிருப்பதாகக் காவல்காரி சொல்லி, விலாசமும் கொடுத்தாள். நன்றாகப் பேசு. உன் பெயர் பெரிதானால் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் ஊர்ப்பெயரையும் அதில் சேர்த்துச் சொல். ஈஸ்டருக்குள் புத்தகத்தை அனுப்பிவை. நீ வராவிட்டாலும் பரவாயில்லை என்று எழுத நினைத்தேன், கை எழுத மறுக்கிறது. உன் ஞானமகள் உனக்கென்று முட்டைக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள்.

தேவமாதா உன்னையும் உன் நினைவையும் காக்கட்டும்.

இன்னும் உன் குமாவாகிய,
மெலானியா

பின்குறிப்பு: பழைய சிலுவையைப் பார்த்தாலாவது ஊர் அடங்கும் என்று, நீ கரியில் படியெடுத்து விட்டுப்போன தாளைப் பாதிரியார், இப்போதைக்கு வாங்கிய புதுப் புத்தகத்தின்மேல் ஒட்டிவைத்தார். போன ஞாயிறு பிஷப் வந்திருந்தார். எல்லோரும் வரிசையில் நின்று முத்தமிட்டுவிட்டு, அவரோடு வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். படம் வந்துவிட்டது. ஆண், பெண் அத்தனை பேருக்கும் மீசை இருக்கிறது. ஹாப்காவுடையதுதான் நன்றாக வந்திருக்கிறது.