வரப்பில் பிழைத்த கோதுமை

ஓட்டப்பிடாரம்
பார்த்திப வருஷம் மாசி 28

சிரஞ்சீவி சிவனணைந்தபெருமாளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சௌக்கியம், லாகூர்க் குளிரில் நீயும் அப்படியே இருப்பதை உன் கையெழுத்தில் அறிய ஆவல். பட்டாளத்தில் விடுவித்ததும் அங்கேயே பண்ணை வேலையில் நின்றுவிடலாமா என்று யோசிப்பதாக எழுதி, ஒரு சின்னப் பை கோதுமை விதையும் அனுப்பி, இது நம் மண்ணில் விளைந்தால் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றாய். அன்றிலிருந்து உன் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை, எனக்கும்தான், நான் வெளியே சொல்லவில்லை.

வரிசையாக விதையுங்கள், நன்றாக மக்கிய எருவைப் போடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். நாற்பது வருஷம் விதைத்தவனுக்கு மகன் பாடம் சொல்வதா என்ற வீம்பில் கிணற்றடித் தோட்டத்தில் கம்பு விதைப்பது போல வீசினேன், பாதி மக்கிய சாணியைக் கொட்டினேன். சாணியிலிருந்த புல் விதை பூராவும் கோதுமையோடு சேர்ந்து முளைத்தது. கோதுமை முளையை நம் ஊரில் யார் கண்டது? களையெடுத்த பெண்கள் தடிப்பாய் நின்றதைப் பயிரென்று விட்டுவிட்டு, ஒல்லியாய் நின்றதைப் பிடுங்கி வாய்க்கால் வரப்பில் எறிந்துவிட்டார்கள். உன் அம்மா சந்தேகமாய்க் கேட்டாள், எனக்குத் தெரியாதா என்று அதட்டிவிட்டேன். பத்து நாள் கமலை கட்டி அந்தப் புல்லுக்குத் தண்ணீர் இறைத்து, வருகிறவன் போகிறவனிடமெல்லாம் என் மகன் அனுப்பிய கோதுமை என்று பீற்றிக்கொண்டேன். கராச்சியில் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து இஸ்மாயில் ஆடு வாங்க வந்தவர் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கோதுமைய வரப்புல எறிஞ்சிட்டுப் புல்லுக்கு எதுக்குத் தண்ணி பாய்ச்சுதிய?" என்றார். உன் அம்மா சிரித்த சிரிப்பில் ஆடெல்லாம் மிரண்டது, பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நல்ல வேளை, நான் இறைத்த தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஈரத்தில், எறிந்ததில் கொஞ்சம் வரப்பிலேயே வேர் பிடித்திருந்தது. இருவருமாய் அதை எடுத்துக் கயிறு பிடித்து வரிசையில் நட்டோம். வரிசையில் நிற்பது கோதுமை, இடையில் வருவது களை, இதைத்தானே நீ எழுதியிருந்தாய். நாலு நாளைக்கு ஒரு தரம் உன் அம்மா களைக்கொத்தோடு இறங்கிவிடுவாள், ஒரு புல்லைத் தலைதூக்க விடவில்லை. நேற்று அறுத்தோம், மொத்தமும் ஒரு சுளகு நிறையவில்லை. அதையே அவள் தெரு பூராவும் காட்டிவிட்டு வந்து விதைக்கென்று கட்டி வைத்துவிட்டாள், அடுத்த விதைப்பு உன் கையால்தானாம். உறைக்குள் ஒரு கதிர் வைத்திருக்கிறேன். விளைந்தால் வருகிறேன் என்றுதான் எழுதினாய், எவ்வளவு விளைய வேண்டும் என்று எழுதவில்லை. ரயில் ஏறி வா.

நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு. பட்டாளத்துக் கம்பளியை யாருக்கும் தானம் செய்துவிடாதே, வழியில் குளிரும்.

உன்னை எதிர்பார்த்திருக்கும் தகப்பன்,
வன்னியபெருமாள்