போதும் என்றதும் எடுத்த கை

அன்புத் தங்கச்சி ஜெசிந்தாவுக்கு,

டுரியான் துங்காலில் காலை ஷிப்டு ஆட்களை ஏற்றி, தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆமாம், வேனை நான்தான் ஓட்டுகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அந்த லோரி என் வேனை உரசிய நாளிலிருந்து, ஸ்டேரிங் முன்னால் உட்கார்ந்தாலே வலது கால் மரத்துப்போகும். ஸ்கேன் எடுத்த இடத்தில் "ஒன்னும் இல்லைங்க" என்று ஆறுதலாகத்தான் சொன்னார்கள். என் காதில் அது 'நடிக்கிறே' என்று விழுந்தது. வீட்டுக்காரி கயிறு மந்திரித்துக் கட்டினாள். வேலை போகிற நிலையில்தான் பாச்சாங்கில் உன் பிசியோ கிளினிக்குக்கு வந்தேன்.

நீ முதலில் காலைத் தொடவே இல்லை. எந்த நாற்காலி வேண்டும் என்று கேட்டாய். கதவு தெரிகிற நாற்காலியைக் காட்டினேன்.

"மரத்துப்போறது நெசம்தான் அண்ணே. கால் இன்னும் அந்த லோரியையே பாத்துக்கிட்டு இருக்கு. எது செஞ்சாலும் சொல்லிட்டுத்தான் செய்வேன். நீங்க போதும்னா நிறுத்திடுவேன்."

நான் சும்மா விடுகிற ஆளா? நீ தொட்ட மறுநொடி "போதும்லா" என்றேன். கையை எடுத்துவிட்டாய். மூன்று தடவை சோதித்தேன், மூன்று தடவையும் எடுத்தாய், முகம்கூடச் சுளிக்கவில்லை. நாலாவது தடவை சொல்ல எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு வாரக்கணக்கில், நிறுத்திவைத்த வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து பால் விடாத தே ஓ குடித்தாயே, "இன்னைக்கு எங்கயும் போகலண்ணே" என்று சொல்லிக்கொண்டு. அப்படி ஒரு வைத்தியத்தை நான் எங்கும் பார்த்ததில்லை. மெல்ல மெல்லக் கால் மரத்துப்போவது நின்றது, வேனும் ஓடத் தொடங்கியது.

காய்ச்சலில் படுத்த நீ எழவே இல்லை. உன் அடக்கத்துக்குப் புறப்பட வேனில் ஏறினேன், கால் மறுபடி மரத்தது. எல்லாம் உன்னோடு போய்விட்டது என்று நினைத்தேன். இந்த வயதில் முதல் தடவையாக வீட்டுக்காரியிடம் "பயமா இருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"போதும்னா சொல்லுங்க. நிறுத்திட்டு நடந்தே போவோம்."

நீ சொல்லிக்கொடுத்ததா, அவளாகச் சொன்னதா? இன்னும் நான் கேட்கவில்லை. மாதா கோயில் வரைக்கும் போதும் என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை, தங்கச்சி.

இனி என் வேனில் யார் நிறுத்தச் சொன்னாலும் ஏன் என்று கேட்கமாட்டேன். நீ கையை எடுத்த வேகத்தில் என் வலது கால் பிரேக்கில் இருக்கும்.

உன் கூடப்பிறக்காத அண்ணன்,
வேன்காரன் மாணிக்கம்