ஏழுமலை அண்ணன் கார்டில் என் வாய்

9-7-2012, திங்கள்

காலை ஏழு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. ஏ ஷிஃப்ட். ஒரகடம் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ் இருபது நிமிடம் நின்றது. யாரோ குடத்தோடு மறியல்.

வாங்க: சோப்பு, கொசுவத்தி. கோவில்பட்டிக்கு, அம்மாவுக்கு போன்.

பொ. 1. (பொ. என்றால் புகையிலைப் பொட்டலம். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்று இந்த மாதம் முதல் எழுதி வைக்கிறேன்.)

போர்டில் நோட்டீஸ். வியாழன் மெடிக்கல். ரத்தம், கண், காது வழக்கம்போல. இந்த வருடம் வாயும் பார்க்கிறார்களாம், புற்றுநோய் அறிகுறி ஏதும் இருக்கிறதா என்று. ஏழுமலை அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. மண்ணூர்க்காரர், லைனில் எனக்கு அடுத்து நிற்பவர். பத்து வருடமாகப் புகையிலையை உதட்டுக்கடியில் அடக்கிக்கொண்டே வேலை பார்க்கிறவர். பல்லெல்லாம் காவி.

"வாயில கறை இருந்தா காண்ட்ராக்ட் கட்டாம்பா. என் கார்டுல நீ போய்ட்டு வந்துடேன். உன் பல்லு பளபளன்னு கீது."

இதில் புதிதாக ஒன்றுமில்லை. அவருக்கு லேட்டானால் அவர் கார்டை நான் தேய்ப்பேன், எனக்கு லேட்டானால் என் கார்டை அவர். போட்டோ மங்கிப்போய் யார் முகமாகவும் இருக்கலாம். சரி என்றுவிட்டேன். பல்லைப் பாராட்டினால் நான் விழுந்துவிடுவேன், எப்போதும் அப்படித்தான்.

12-7, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. கேன்டீன் சாம்பாரில் உப்பும் இல்லை.

திட்டம்: காலையில் அண்ணன் கார்டில் நான். மதியம் என் கார்டில் நான்.

பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். டார்ச் அடித்து, ஐஸ் குச்சி மாதிரி ஒன்றால் கன்னத்தை விலக்கினார். இடது பக்கம், கீழே. நான் பொட்டலத்தை அடக்கும் இடம். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"வெள்ளையா ஒரு திட்டு இருக்கு. வலிக்காததாலதான் யாரும் கண்டுக்கிறதில்ல. இது புத்துநோயா மாறலாம், மாறாமலும் போகலாம். டெஸ்ட் எடுத்துப் பாத்துடணும். புகையிலைய இன்னைக்கே விடுங்க, ஏழுமலை."

சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏழுமலை, வயது 38. எனக்கு 27. கார்டைப் பார்த்து எழுதினார், முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் என் முறைக்குப் போகவில்லை, வயிற்று வலி என்றேன். அதே டாக்டரிடம் அதே வாயை வேறு பெயரில் எப்படிக் காட்டுவது? தெரிந்தால் இரண்டு பேர் வேலையும் போய்விடும். பயமாக இருக்கிறது. வேலைக்கா, வாய்க்கா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அண்ணனிடம் சீட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாபா இது, நீ போய் காட்டிக்கோ."

"சீட்டுல ஒங்க பேருல்லா இருக்குண்ணே. சும்மா எல்லாருக்கும் எழுதிக் குடுப்பாக" என்று சிரித்துவிட்டு வந்தேன்.

பொ. 1.

15-7, ஞாயிறு

துவைக்க ஆறு சட்டை. குழாயில் தண்ணீர் இல்லை.

கண்ணாடியில் கன்னத்தை இழுத்துப் பார்த்தேன். இருக்கிறது. மொச்சைக்கொட்டையில் பாதி இருக்கும். நாக்கு வேறு வேலையில்லாமல் அங்கேயே போகிறது.

அண்ணன் போன். சட்டைப் பையில் இருந்த சீட்டை மதினி துவைக்கும்போது எடுத்துவிட்டாராம். (அவர் மனைவி காஞ்சனா. ஊர் வழக்கப்படி எனக்கு மதினி.)

"அது என் வாயி இல்லடின்னு சொன்னா நம்ப மாட்டேன்றாபா. காலைலேர்ந்து அழுதுகினு கீறா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறாளாம்."

சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பொ. 1.

17-7, செவ்வாய்

வியர்வை. லைன் இரண்டு முறை நின்றது. சூப்பர்வைசரிடம் திட்டு.

மூன்றரைக்கு வெளியே வந்தால் எதிர் டீக்கடையில் மதினி, கையில் அந்தச் சீட்டு. அண்ணன் நேற்றும் இன்றும் லீவு. மதினிக்குப் பின்னால் பிடிபட்ட திருடன் மாதிரி நின்றார்.

"நேத்து டாக்டர் பாத்தாரு. இவரு வாயில திட்டு எதுவும் இல்லியாம். இப்போதிக்குத்தான் இல்ல, வுடலன்னா வரும்னு கத்தி அனுப்பிச்சாரு. அப்போ இவரு சொன்னது நெஜந்தான். எங்க தம்பி, வாயத் தொற."

"மதினி, ஆளுக பாக்காக."

"பாக்கட்டும். தொற."

கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற ரோட்டோரத்தில் வாயைத் திறந்தேன். பார்த்தார். இரண்டு நாள் புருஷனுக்காக அழுத கண், மறுபடியும் கலங்கியது.

"இதுவும் கார்டு தேய்க்கிற மாரின்னு நெனச்சியா? அவருக்கு பதிலா நீ போவ. உனுக்கு பதிலா யாரு போவா?"

டீ ஆறிப்போனது. நாளைக்கு லீவு சொல்லியாயிற்று.

பொ. 1.

18-7, புதன்

தூறல். பஸ்ஸில் மூவரும். அண்ணன் புகையிலைக்குப் பதில் ஏலக்காய் மெல்கிறார், முகம் அஷ்டகோணல். "இதுக்கு வேப்பங்கொழுந்தே தேவலபா."

ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த அம்மா சீட்டை வாங்கி, ஏழுமலை என்று எழுத ஆரம்பித்தார்.

"அது இல்லங்க. முருகேசன். வயசு இருபத்தேழு."

"சீட்டுல வேற பேரு கீதே?"

"பேரு அண்ணனோடது. வாய் என்னோடது."

அந்தம்மா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். டோக்கன் 41.

மரத்துப்போக ஊசி போட்டு, திட்டிலிருந்து துளி சதை எடுத்தார்கள். முடிவு அடுத்த வாரம். "எதுவா இருந்தாலும் ஆரம்பத்துலயே வந்திருக்கீங்க, பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் காட்ட வேண்டும், அண்ணனும்.

ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம் என்று கேட்டார். ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். மதினி பக்கத்திலேயே நின்றார்.

"நாலு. சில நாள் அஞ்சு."

இந்த நோட்டில் 1 என்று போட்ட நாளெல்லாம் நாலுதான். யாரும் படிக்காத நோட்டில் யாரை ஏமாற்ற எழுதினேன் என்று தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று பொ. 0. மணி ஆறுதான் ஆகிறது. இப்போதைக்கு 0.